குடிநீரும் குழிநீரும்

புதுமனைக்கு நிலையம் எடுக்கும்போது வாசல் எத்திசை நோக்க வேண்டும், கிணறு எந்த மூலையில் அமைய வேண்டும் என்றெல்லாம் நன்கு ஆராய்கின்றோம். மலசலகூடக் குழிக்கு மட்டும் அத்தகைய ஆராய்ச்சி கிடையாது. எஞ்சிய மூலை எதுவோ அதுவே அதற்கு உரியதாகின்றது. வேலையாட்கள் குழியை வெட்டி இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்க்கின்றனர். தண்ணீர் மளமளவென்று இறங்கிவிட்டால், "நல்ல நிலம், குழி இலேசில் நிரம்பாது" என்கின்றனர். வீட்டுக்காரரும் மகிழ்கின்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இம்மகிழ்ச்சி பெரும்பாலும் பொருத்தமற்றது என்பதையே இவ்வாரம் நேயர்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

நிலத்தில் நீர் ஊறும் வேகத்தை அளப்பதற்கு ஒழுங்கான முறையொன்று உண்டு. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஹென்றி றையன் என்பவர் 1920களில் இதனை வகுத்தார். ஓரடிச் சதுரக் குழியில் தண்ணீர் ஓர் அங்குலம் தாழ்வதற்கு எத்தனை நிமிடம் செல்கின்றது என்பதே அவர் கேட்ட கேள்வி. அளவுகோலும் மணிக்கூடும் இருந்தாற் போதும். பெரியவர் ஒருவரின் துணையோடு மாணவர்களும் தம் வளவிலே செய்து பார்க்கலாம்.

கழிவுநீர் ஊறவிருக்கும் ஆழத்திற்குச் சிறுகுழி ஒன்று தோண்டுக. மண்வெட்டி பட்டு வழவழப்பான பக்கங்களைக் கத்தியினாற் சுரண்டி, உதிர்ந்த மண்ணை அகற்றி, அடியில் 2 அங்குலத்திற்குச் சிறுகல் பரப்புக. பின்னர் ஓரடி உயரத்திற்குத் தண்ணீர் விட்டு, குறைந்தது 4 மணி நேரம், இயலுமாயின் இரவு முழுவதும், அம்மட்டம் குறையாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். பலரும் கைவிடுவது இந்தப் படியைத்தான். காய்ந்த மண் முதலில் தன் தாகத்தையே தீர்த்துக்கொள்ளும். முருங்கன் பகுதியின் கரிய களிமண்ணைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். கோடையில் அது வெடித்துக் கிடக்கும். ஊற்றிய நீர் வெடிப்புகளின் வழியே ஓடி மறையும். மாரியிலோ அதே மண் பொருமி, வெடிப்பெல்லாம் மூடி, நீரை உள்ளே விட மறுக்கும். கோடைச் சோதனையை நம்பிக் குழி வெட்டியவர் மார்கழியில் மூக்கைப் பொத்த நேரும்.

மறுநாள், சிறுகல்லின் மேல் 6 அங்குலம் நீர் நிற்கச் செய்து, அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு தாழ்ந்தது என்று குறித்து, மீண்டும் நிரப்பி, 4 மணி நேரம் தொடர வேண்டும். கடைசி அரை மணியின் அளவே கணக்கிற்குரியது. அதில் 2 அங்குலம் தாழ்ந்திருப்பின், அங்குலத்திற்கு 15 நிமிடம் என்று கொள்க. 60 நிமிடத்திற்கு மேற் சென்றால் அந்த மண் உதவாது. இது எவருக்கும் எளிதில் விளங்கும்.

ஒரு நிமிடத்திலேயே ஓர் அங்குலம் இறங்கிவிட்டால்? அதுவும் ஆகாது என்று சொன்னால் நம்ப மறுக்கின்றார்கள். கழிவுநீரைக் கண்ணுக்கு மறைப்பதன்று மண்ணின் வேலை. அதைத் துப்புரவாக்குவதே அதன் வேலை. செப்டிக் தாங்கியிலே திண்மப் பொருள்கள் பெரும்பாலும் தங்கிவிடுகின்றன. ஆனால் வெளியேறும் நீரில் நோய்க்கிருமிகள் ஏராளமாக உள்ளன. காற்றோட்டமுள்ள மண்ணில் அந்நீர் மெல்லக் கசியும்போதுதான் கிருமிகள் தடுக்கப்பட்டு அழிகின்றன. அதற்கு நேரம் வேண்டும்.

வலிகாமத்துச் செம்மண்ணோ பல இடங்களிற் சில அடி ஆழமே உடையது. அதன்கீழ் சுண்ணாம்புக்கல், அக்கல்லோ வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அதற்குக் கண்கண்ட சான்றுகள். அலவாங்கினாற் கல்லை உடைத்துக் குழியை இறக்கினால், கழிவுநீர் மண்ணையே காணாமல் நிலத்தடி நீரை அடைந்துவிடும். ஆறில்லாத இக்குடாநாடு தலைமுறை தலைமுறையாகக் குடித்து வருவது அந்நீரையே. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி விட்டோம் என்று ஆறுதல் கொள்வதிலும் பயனில்லை. மண்ணுக்குப் பொருந்தும் கணக்கு கல்வெடிப்புக்குப் பொருந்தாது. பக்கத்து வளவுக் குழி நம் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதையும் எவரும் அளப்பதில்லை.

"கொதிக்கவைத்துத்தானே குடிக்கின்றோம்" என்பர் தாய்மார். கிருமிக்கு அது சரியே. ஆனால் குழிநீரிலிருந்தும் தோட்டத்து உரத்திலிருந்தும் கிணற்றைச் சேரும் நைத்திரேற்று கொதியினால் அழிவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமையே எல்லையாக வைத்திருக்கின்றது. அதை மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், பச்சிளங் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் கிருமியோடு நைத்திரேற்றையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும்.

கல்நிலத்தில் வீடு கட்டுவோர் ஆழக் குழியை விட்டு, ஆழம் குறைந்து நீளும் ஊறுகால்களை அமைக்கலாம். அவற்றின் அடிக்கும் கல்லுக்கும், மாரியில் உயரும் நீர்மட்டத்திற்கும் இடையே 4 அடி மண்ணாவது இருத்தல் வேண்டும். அவ்வளவு மண் இல்லையெனில், தகுந்த மணலைக் கொணர்ந்து மேடாக்கி, அம்மேட்டிலே கழிவுநீரை ஊறவிடுதல் நன்று. செலவு கூடும், மேசனும் முகஞ்சுளிப்பார். எதற்கும், குழிக்கு இடம் குறிக்குமுன் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒருமுறை வளவுக்கு அழைத்துக் காட்டுங்கள். கூடுமானால் மாரி காலத்தில், கிணற்று நீர் மேலேறி நிற்கும்போது அழையுங்கள்.