விசாரணை மேசையைத் திரும்பப் போடுங்கள்



எங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நுழைவாயிலில் இருந்த விசாரணை மேசையைச் சென்ற மாதம் எடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது ஒரு தொடுதிரை நிற்கிறது. மேசையை ஒட்டி மகளிர் சுயஉதவிக் குழு நடத்திவரும் சிறு கடைக்கும் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. டெண்டர் விடப் போகிறார்களாம். மேசையிலும் கடையிலும் மாறிமாறி வேலை பார்த்தவள் என்ற முறையில் இதைக் கண்டித்து எழுதுகிறேன்.

ஓ.பி. நேரத்தில் வருகிறவர்கள் துறையின் பெயரைச் சொல்லி வழி கேட்பதில்லை. சீட்டை நீட்டுவார்கள், சிலர் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். கண்ணாடி கொண்டுவராத பெரியவரோ, படிக்கத் தெரியாத அம்மாவோ அந்தத் திரையில் எதைத் தேடுவார்கள்? இப்போது எல்லோரும் செக்யூரிட்டியைத்தான் மொய்க்கிறார்கள். அவர் கேட்டைப் பார்ப்பாரா, ஸ்கேனுக்கு வழி சொல்வாரா?

வழி சொல்வது அந்த வேலையில் சிறு பகுதிதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அதற்கான வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 2022-இல் 1,20,000 ஆக உயர்ந்தது. பழைய வரம்பை நம்பி, நமக்குக் கிடைக்காது என்று நகையை அடகு வைக்கக் கிளம்பியவர்களை உட்கார வைத்து, வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறோம். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. வெளிமாநிலத்தவருக்கும் அது உண்டு என்பது, நண்பனைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் வடமாநிலத் தொழிலாளிக்கு யார் சொல்லித் தெரியும்? இறந்தவரை ஊருக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. அழுதுகொண்டு நிற்பவர்களிடம் அதைச் சொல்ல ஆள் இல்லையென்றால், கேட்டுக்கு வெளியே நிற்கும் வேன்காரர் கேட்பதுதான் வாடகை.

104 மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யலாமே என்கிறது நிர்வாகம். நல்ல சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் படியேறினால் ரத்த வங்கி வரும் என்பதை, எதிரில் நின்று கை காட்டுகிறவர்தான் சொல்ல முடியும்.

கடை விஷயம் சிறியதாகத் தோன்றலாம். இடுப்பு வலி எடுத்து 108-இல் நேராகப் பிரசவ வார்டுக்கு வந்துவிடும் பெண்ணுடன் வாளி, மக், பிளாஸ்க், மாற்றுத் துணி எதுவும் வராது. நடுராத்திரியில் அவள் அம்மா எங்களிடம்தான் ஓடிவருவார். கையில் காசில்லை என்றால் விடிந்ததும் கொடுங்கள் என்போம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களும் வெறுங்கையோடு வார்டுக்குள் போகமாட்டார்கள். ரொட்டியோ ஹார்லிக்ஸோ கேட்பார்கள். என்ன நோய் என்று விசாரித்துத்தான் எடுத்துக் கொடுப்போம். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸ் கேட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். விற்பனை போனது, போகட்டும். டெண்டரில் பெருந்தொகை கட்டிக் கடை எடுப்பவர், போட்ட பணத்தை நோயாளியிடம்தானே எடுப்பார்? அந்த முன்வைப்புத் தொகையைக் கட்டக் குழுப் பெண்களால் ஆகாது. 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய சுயஉதவிக் குழுக்கள், பெண்கள் சொந்தக் காலில் நிற்கத்தான் வந்தன. ஒழுங்காக நடக்கும் கடையிலிருந்து அவர்களை வெளியேற்றுவது அநியாயம்.

திரை இருக்கட்டும், படிக்கத் தெரிந்தவர்களுக்கு உதவும். மேசையைத் திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு பேர் வேண்டும், இரவிலும்: பதில் சொல்ல ஒருவர், நடக்க முடியாதவரை வீல்சேரில் கூட்டிப்போக ஒருவர். சம்பளத்துக்கு வழியில்லை என்றால் நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று பாருங்கள். கடையைப் பழைய வாடகைக்கே குழுவிடம் விடுங்கள். டெண்டர் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை. அதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் தலையிட வேண்டும்.

– வாசகி ஒருவர்,
முன்னாள் விசாரணை மேசைப் பணியாளர்