உங்க பிள்ளை அணித் தலைவனா? தடுக்காதீங்க!

"டாக்டர், பையன் ஸ்கவுட்ல அணித் தலைவனாம். ஞாயித்துக்கிழமைகூட வீட்டுல தங்கறதில்ல. படிப்பு கெட்டுப் போயிடாதா?" சிகிச்சைக்கு வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கெடாதும்மா! வளரும் வயதில் உடம்புக்கும் மனசுக்கும் இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அபூர்வம் என்பேன்.

1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை வைத்து முதல் முகாம் நடத்தினார். ஏழை, பணக்கார வீட்டுப் பிள்ளைகளைக் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனே தலைவன்! இன்றும் சாரணர் அணி என்றால் ஆறு முதல் எட்டுப் பேர்தான். ஒரு சிறுவனின் கண் முழுசாகக் கவனிக்கக்கூடிய கூட்டம் அவ்வளவுதானே!

அந்தக் கவனிப்புதான் முக்கியம். நடைப்பயணத்தில் யார் தண்ணீர் குடிக்கவில்லை, யார் காலில் ஷூ கடித்துக் கொப்புளம் போட்டிருக்கிறது என்று தலைவன் பார்க்க வேண்டும். மெதுவாக நடப்பவனை முன்னால் விட்டு, அவன் வேகத்துக்கு மற்றவர்களை நடத்த வேண்டும். வெயிலில் ஒருத்தனுக்குத் தலை சுற்றினால் உடனே நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நல்ல நினைவோடு இருந்தால் உப்புப் போட்ட மோர் கொடுக்கலாம். நினைவு தப்பியவன் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

பாம்பு கடித்தால்? இறுக்கிக் கட்டாதே, கீறாதே, கடிபட்டவனை நடக்க விடாதே, 108-க்குப் போன் செய். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், பச்சிலை தேடி நேரத்தை வீணாக்காமல், விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அணித் தலைவனுக்கு இதெல்லாம் மனப்பாடமாக இருக்கணும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் ரேங்க் பையனுக்கும், பெரிய இடத்துப் பிள்ளைக்குமே தலைமையைக் கொடுக்காதீர்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்கள். கொடுத்த பிறகு, பக்கத்தில் இருந்து பாருங்கள். நீங்களே எல்லாவற்றையும் செய்துவிடாதீர்கள். சாம்பாரில் உப்பு கூடிப்போனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது!

பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு வந்ததும் ஸ்கார்ஃபைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லாதீர்கள். மகளையும் சாரணியர் அணிக்கு அனுப்புங்கள். அடுத்தவன் முகம் வாடியிருப்பதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு உங்கள் முகத்தையும் கவனிக்கும்!