வேரை மறைக்கலாமா?



‘பேடன் பவல்’ என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவார்? சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயர்தானே? எனக்கும் அப்படித்தான். ஆனால் அதே பெயரில் பிரேசில் நாட்டில் ஒரு கிடார் மேதை இருந்தார். சாரணர் இயக்கத்தின் மேல் இருந்த பிரியத்தில் அவருடைய அப்பா வைத்த பெயர் அது. அந்த அப்பா ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி!

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. என் அப்பாவுக்கும் அதே தொழில்தான். முதலாண்டு சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் நான் எழுதியதோ ‘வியாபாரம்’. எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். முதல் நாளே பொய்!

பேடன் பவல் 1937-ல் பிறந்தார். அப்பா செருப்பும் தைப்பார், வயலினும் வாசிப்பார். வீட்டில் நண்பர்கள் கூடி சம்பா இசைப்பார்கள். அதைக் கேட்டே வளர்ந்த பையன், மெய்ரா என்ற ஆசிரியரிடம் முறையாகக் கிடார் படித்தான். ஐரோப்பிய சாஸ்திரிய இசையும் கைவந்தது. அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வாத்தியம் பெரிம்பாவ். ஒரு வில், ஒரே கம்பி, ஒரு சுரைக்குடுக்கை... அவ்வளவுதான். அந்த மக்களின் கப்போயிரா ஆட்டத்தையே 1890-ம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்றது. அந்த ஒற்றைக் கம்பியின் நாதத்தைத் தன் ஆறு கம்பிக் கிடாரில் கொண்டுவந்தார் பேடன். கவிஞர் வினிசியஸ் டி மொராயஸுடன் சேர்ந்து 1966-ல் ‘ஆஃப்ரோ சம்பாஸ்’ இசைத்தட்டைத் தந்தார். 1967-ல் பெர்லின் ஜாஸ் விழாவில் ஜிம் ஹால், பார்னி கெஸல் போன்ற அமெரிக்க மேதைகளோடு அவருக்கும் மேடை கிடைத்தது. 2000-ல் மறைந்தார்.

“படிச்சு முன்னேறினா போதாதா? பழசை ஏண்டா கிளறணும்?” என்று ஒரு நண்பன் கேட்டான். அதிலும் நியாயம் உண்டு. சொன்னால் பார்வையே மாறிவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஒர்க் ஷாப்பில் முதல் நாளே ஹாக்ஸா பிடித்தபோது கை நடுங்கவில்லையே, அது யார் தந்த கை? தோலை அளவு பிசகாமல் அறுக்கும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய கை! தொழிலை மறைத்தால் இதையும் அல்லவா மறைக்க வேண்டும்?

இந்த ஆண்டு உதவித்தொகைப் படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் கைநாட்டு வைத்தார். அன்று ராத்திரி என் பிய்ந்த ஷூவைத் தைத்து வாசலில் வைத்திருந்தார்.

நண்பர்களே! படிப்பு நம்மை உயர்த்தட்டும். நம் வீட்டை மறைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்!