பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை எதையாவது பார்த்திருக்கிறீர்களா? அங்கே ஒருவரே முழு ஷூவையும் செய்வதில்லை. ஓரிடத்தில் தோலை வெட்டுகிறார்கள். வேறிடத்தில் மேற்பாகத்தைத் தைக்கிறார்கள். 'அப்பர்' எனப்படும் இந்த மேற்பாகத்தை மட்டும் செய்து அனுப்பும் தொழிற்கூடங்களும் எங்கள் பகுதியில் உண்டு. வாங்குபவர் தையலைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அளவு எண்ணைப் பார்த்துப் பொருத்துகிறார்.

மின்சுற்றுகளையும் இப்படிப் பகுதி பகுதியாக அமைக்கலாம். ஒரு சுற்று எப்படி இயங்கும் என்பதை, கம்பியைத் தொடுவதற்கு முன்பே கணிப்பொறியில் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்கள் உள்ளன. இவற்றின் முன்னோடியான 'ஸ்பைஸ்', 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் அதை எழுதினார்.

இத்தகைய மென்பொருளில், அடிக்கடி தேவைப்படும் ஒரு சுற்றை ஒருமுறை வரைந்து, ஒரு பெட்டியாக மூடிப் பெயரிட்டு வைக்கலாம். இதற்கு 'சப்சர்க்யூட்', அதாவது உட்சுற்று என்று பெயர். வெளியே தெரிவது அதன் முனைகள் மட்டுமே. அதே பெட்டியைப் பத்து இடங்களில் பயன்படுத்தலாம். பெட்டிக்குள் பெட்டியாகவும் அடுக்கலாம். மூலப் பெட்டியில் ஒரு திருத்தம் செய்தால், பத்து இடங்களிலும் அது திருந்திவிடும். எவ்வளவு வசதி! ஆனால், மூலத்தில் ஒரு பிழை இருந்தால்? அதுவும் பத்து இடங்களுக்குப் போய்ச் சேரும்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். பதப்படுத்தும் முன் தோல் கெடாமலிருக்க அதில் உப்பு சேர்ப்பார்கள். தோலைக் கழுவும்போது அந்த உப்பு நீரில் கலக்கிறது. பாலாற்றுப் பகுதியின் கிணறுகள் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996-இல் தீர்ப்பும் வந்தது. எனவே, கிணற்று நீரின் உப்பை அளக்கும் கருவி ஒன்றை என் மாணவர்கள் செய்ய விரும்பினார்கள்.

உப்பு மிகுந்தால் நீரில் மின்னோட்டம் எளிதாகச் செல்லும். நேர்மின்னோட்டம் செலுத்தினால் மின்பகுப்பு நடந்து அளவு பிழையாகும். எனவே மாறுமின்னோட்டம் தேவை. ஆகவே அலையியற்றி ஒரு பெட்டி, பெருக்கி ஒரு பெட்டி, திருத்தி ஒரு பெட்டி. பெருக்கிப் பெட்டியை நானே செய்து கொடுத்தேன். உள்ளே வரும் மின்னழுத்தத்தை 50 மடங்காக்கு என்பதே அதிலிருந்த ஒரே விதி.

கணிப்பொறியில் எல்லாம் அழகாக வந்தது. 0.2 வோல்ட் உள்ளே சென்றால் 10 வோல்ட், 0.5 வோல்ட் சென்றால் 25 வோல்ட். பிறகு '741' என்னும் சில்லையும், இரண்டு 9 வோல்ட் பாட்டரிகளையும் கொண்டு உண்மைச் சுற்றை அமைத்தார்கள். சுமாரான உப்பு நீரும் கடும் உப்பு நீரும் ஏறக்குறைய ஒரே அளவையே காட்டின! 9 வோல்ட் பாட்டரியிலிருந்து 25 வோல்ட் எப்படி வரும்? சில்லின் வெளியீடு 8 வோல்ட்டுக்குள் முட்டி நின்றுவிட்டது. என் பெட்டிக்கு அந்த வரம்பு தெரியாது. நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மிகவும் கெட்ட கிணறு, ஓரளவு கெட்ட கிணற்றைப்போல் தோன்றியது. குடிநீர் விஷயத்தில் இது சிறிய தவறா?

"பெட்டிகளே வேண்டாம்; ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் மாணவர் வரையட்டும்" என்பார் சில ஆசிரியர்கள். நான் ஒப்பமாட்டேன். 741-க்குள் சுமார் 20 டிரான்சிஸ்டர்கள் உள்ளன. பெடர்சனும் வேறு மூவரும் 1974-இல் இவ்வகைச் சில்லுக்கு ஒரு சுருக்க மாதிரியை வெளியிட்டனர். அதில் இரண்டே டிரான்சிஸ்டர்கள்! ஆனால், வெளியீடு எந்த மின்னழுத்தத்தைத் தாண்டாது என்பதை அவர்கள் விட்டுவிடவில்லை. சுருக்குவது குற்றமன்று, வரம்பை மறைப்பதே குற்றம்.

ஆகவே மாணவர்களே, பெட்டி செய்யும்போது மூன்றை எழுதி வையுங்கள்: இது என்ன செய்யும்? எந்த அளவுவரை செய்யும்? எதைக் கணக்கில் சேர்க்கவில்லை? பிறர் செய்த பெட்டியை எடுக்கும்போது ஒருமுறையாவது திறந்து பாருங்கள். விடை தெரிந்த ஒரு கணக்கை அதற்குக் கொடுத்துச் சோதியுங்கள்.

இதற்குப் பெரும் செலவில்லை. மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய 'ஈசிம்' என்னும் மென்பொருள் இலவசம். உட்சுற்று அமைக்கும் வசதியும் அதில் உண்டு. பள்ளிக் கணிப்பொறியில் இன்றே தொடங்கலாம். உங்கள் முதல் பெட்டியைச் செய்து நண்பரிடம் கொடுங்கள். அதன் வரம்பையும் சேர்த்துக் கொடுங்கள். அளவு எண் இல்லாத அப்பரை ஆம்பூரில் யாரும் வாங்கமாட்டார்கள்!