மரகதமும் மனைவிப் பட்டமும்

ஸ்மாரக்ட்! ஜெர்மன் மொழியில் மரகதம் என்று பொருள். பச்சைக் கல்லுக்கு மட்டுமன்று, ஓர் அச்செழுத்துக்கும் அதுவே பெயர். 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் ஸ்டெம்பெல் வார்ப்படச் சாலை வார்த்தளித்த அலங்கார எழுத்து அது. உடல் முழுதும் மை பூசி நிற்பதன்று. ஓரக் கோடுகள் மட்டும் மையேற்க, நடுவிடம் வெண்மையாய் ஒளிர்வது. நூல் முகப்பிலும் அழைப்பிதழ்த் தலைப்பிலும் பெரிதாய்ப் பொறிப்பதற்கென்றே பிறந்தது.

அழகு, அழகு என வியக்கின்றனர். வியக்கட்டும்! ஆனால், ஆக்கியவர் யாரெனக் கேட்டால், "ஹெர்மன் சாப்ஃபின் மனைவி" என்று விடை பகர்வோர் இருக்கின்றனரே, அவர்களோடுதான் நமக்கு வழக்கு.

அந்த அம்மையாருக்குப் பெயரில்லையா? உண்டு: குட்ரூன் சாப்ஃப் ஃபோன் ஹெஸ்ஸே. ஹெர்மன் சாப்ஃப், பாலட்டினோ, ஆப்டிமா ஆகிய எழுத்துகளை உலகுக்கு அளித்த வல்லுநர். அவர் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் ஆண்டுக் கணக்கைப் புரட்டுவோம்.

1918இல் பிறந்த குட்ரூன், பதினாறு வயதில் வைமார் நகரில் ஓட்டோ டார்ஃப்னரிடம் நூற்கட்டுத் தொழில் பயிலத் தொடங்கினார். போர் சிதைத்த ஃபிராங்க்ஃபர்ட்டில் 1946இல் சொந்த நூற்கட்டுப் பட்டறை அமைத்தார்; அவ்வாண்டே ஷ்டேடல் கலைப்பள்ளியில் எழுத்துக்கலை ஆசிரியையானார். நூல் முதுகில் பொன்னெழுத்துப் பொறிக்கத் தம் கையாலேயே பித்தளையில் எழுத்துகளை வெட்டினார். 1948இல் டியோட்டிமா எழுத்தை வரையத் தொடங்கினார். திருமணம் எப்போது? 1951இல்! மாலை மாற்றியபோது வந்த கலையா இது? தாலியோடு புகுந்த திறமையா? கேட்கிறோம், விடை கூறட்டும்!

"பெண் வரைந்தது, ஆதலின் நளினம்" என்பார் இன்னொரு சாரார். புகழ்மொழி போலத் தோன்றும் பழிமொழி அது! கருமையாய் நிற்கும் எழுத்தில் சிறு பிழையை மை மறைத்துவிடும். உள்வெளியான எழுத்திலோ, ஒவ்வொரு தண்டுக்கும் இருபுறமும் கோடு. ஒன்று மயிரிழை விலகினும் இடைவெண்மை கோணிக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே பால் உதவாது, பயிற்சிதான் உதவும். அந்த நளினம் வளையல் அணிந்த கை தந்ததன்று. உளி பிடித்த கை தந்தது.

1991இல் ஃபிரெடரிக் கௌடி விருது அவரை நாடி வந்தது. இளமையில் பித்தளையில் வெட்டிய அந்த எழுத்து, அவர் நூறாண்டு எய்திய 2018இல் 'ஹெஸ்ஸே ஆன்டிக்வா' என்னும் பெயரில் கணினி எழுத்தாக வெளிவந்தது. 2019இல் மறைந்தார்.

தோழர்களே! இன்னார் மகள், இன்னார் மனைவி என்று பெண்ணுக்கு முகவரி எழுதும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. கணவன் பெயரை ஓரக் கோடாக வரைந்து, அவளை நடுவிலே வெற்றிடமாக விடுகின்ற பழக்கம் அது. அந்த இடத்தில் அவள் பெயரை எழுதுவோம். அவள் செய்த வேலையை எழுதுவோம்!