நாகப்பட்டினம் தொகுதி யாருடைய தொகுதி?

எலெக்ஷன் வருகிற போதெல்லாம் நமது பத்திரிகைக்காரர்கள் ஒரு ஜாபிதா போடுகின்றார்கள். இன்ன வருஷத்தில் இன்ன கட்சி, இன்ன அபேட்சகர் என்று, பஞ்சாங்கத்தில் திதியும் நட்சத்திரமும் போடுவது போல் போட்டுவிட்டு, இதுதான் இந்தத் தொகுதியின் அரசியல் சரித்திரம் என்பதாக முடித்துவிடுகின்றார்கள். பழைய தஞ்சை ஜில்லாவின் கடைமடையாகக் கிடக்கும் நாகப்பட்டினம் பார்லிமெண்டுத் தொகுதிக்கும் அப்படி ஒரு ஜாபிதா உண்டு.

1957, 1962, 1967 ஆகிய மூன்று தடவையும் காங்கிரஸ். 1971-லும் 1977-லும் கம்யூனிஸ்டு. 1980-ல் தி.மு.க. 1984-ல் அ.தி.மு.க. 1989-ல் கம்யூனிஸ்டு கட்சித் தோழர் எம். செல்வராசு. 1991-ல் காங்கிரஸ். 1996-லும் 1998-லும் மறுபடியும் செல்வராசு. 1999 முதல் மூன்று தடவை தி.மு.க.வின் ஏ.கே.எஸ். விஜயன். 2014-ல் அ.தி.மு.க. 2019-ல் நாலாவது முறையாகச் செல்வராசு. அவர் 2024 மே மாதம் காலமானார். அவ்வருஷ எலெக்ஷனில் அதே கட்சியின் வை. செல்வராஜ் ஜெயித்தார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இதை நூறு தடவை படித்தாலும், அந்தச் சீமையில் சேற்றில் இறங்கி நாற்று நட்டவள் எப்போது வோட்டர் ஆனாள், அவள் குடிசை யாருடைய மண்ணில் நின்றது, வோட்டுப் போட்ட மறுநாள் காலையில் அந்தக் குடிசை இருந்ததா இல்லையா என்கின்ற சங்கதி எதுவும் தெரியாது. இது தெரியாமல் எந்தக் கட்சி எத்தனை தடவை ஜெயித்தது என்று தெரிந்து என்ன பிரயோஜனம் என்றுதான் நாம் கேட்கின்றோம்.

முதலில் வோட்டின் கதையைப் பார்ப்போம். 1919-ம் வருஷத்துச் சீர்திருத்தத்தின்படி 1920 நவம்பரில் சென்னை மாகாணச் சட்டசபைக்கு எலெக்ஷன் நடந்தது. அன்று மாகாண ஜனத்தொகை 4 கோடிக்கு மேல். வோட்டர்கள் சுமார் 12½ லட்சம். அதாவது நூற்றுக்கு மூன்று பேர். அந்த மூன்று பேர் யார்? நிலவரியோ வீட்டுவரியோ வருமானவரியோ கட்டுகின்றவர்கள். தஞ்சை ஜில்லாவில் நிலவரி கட்டுகின்றவன் என்றால் மிராசுதார் என்று பொருள். அவனுடைய பண்ணையாளுக்கு நிலம் இல்லை, வரி இல்லை. ஆகவே வோட்டும் இல்லை. நெல் விளைவித்தவன் பேர் கணக்கில் இல்லை, நெல்லை அளந்து பத்தாயத்தில் கொட்டிக்கொண்டவன் பேர் மட்டும் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பேசுவதற்கென்று சிலரைக் கவர்னரே நியமித்தார். வோட்டுப் போடத் தெரியாதவனுக்கு நியமனமே போதும் என்பது அக்காலத்து அறிவாளிகளின் அபிப்பிராயம். அவன் வயலில் எத்தனை மரக்கால் விதை விட்டால் எத்தனை கலம் காணும் என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரியும் என்று அதே அறிவாளிகள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

பிறகு 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். அதன்படி சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு 30 ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. 1937-ல் எலெக்ஷன் வந்தது. காங்கிரசார் மஞ்சள் பெட்டி, மஞ்சள் பெட்டி என்று ஊரெல்லாம் முழங்கி, 215 ஸ்தானங்களில் 159-ஐ எடுத்துக்கொண்டார்கள். வோட்டர் தொகையும் பெருகிற்று. ஆனால் அப்போதும் சொத்தோ படிப்போ உள்ளவனுக்குத்தான் வோட்டு. ஒதுக்கின ஸ்தானத்திலும் தாழ்த்தப்பட்ட வோட்டர்கள் முதலில் நாலு பேரைப் பொறுக்கித் தரலாம். அந்த நாலு பேரில் யார் போக வேண்டும் என்பதை எல்லா ஜாதியாரும் சேர்ந்துதான் தீர்மானிப்பார்கள். பெண்ணைப் பெற்றவன் நாலு மாப்பிள்ளையைச் சொல்லலாம், யாருக்குத் தாலி கட்டுவது என்பதை ஊரார் சொல்லுவார்கள் என்பது போன்ற ஏற்பாடு இது.

கடைசியில் 1952-ல்தான் 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் வோட்டு வந்தது. சேரிக்காரன் கையிலும் ஒரு சீட்டு, அவன் பெண்ஜாதி கையிலும் ஒரு சீட்டு, பண்ணையார் கையிலும் அதே ஒரு சீட்டு. இது பெரிய காரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. அன்று நாகப்பட்டினம் என்கிற பேரில் பார்லிமெண்டுத் தொகுதி கிடையாது. பக்கத்து மாயவரம் தொகுதியில் கம்யூனிஸ்டு கட்சியின் கே. ஆனந்த நம்பியார் ஜெயித்தார். மிராசுதார்கள் திடுக்கிட்டுப் போனார்கள். அதற்குக் காரணம் ஒரு நாளில் உண்டானதல்ல. 1943 முதல் பி. சீனிவாசராவ் என்பவர் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டித் தாலூகாக்களில் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் வைத்தார். பண்ணையாளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிப்பதும், சாணிப்பாலைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் அன்று அந்தச் சீமையில் நடந்த தர்மம். அதை எதிர்த்துத்தான் சங்கம் கிளம்பிற்று. பிறப்பால் அவர் பார்ப்பனர். கன்னட தேசத்திலிருந்து வந்தவர். ஆனாலும் சேரியில் உட்கார்ந்து சேரிச் சோறு தின்றார் என்பதை நாம் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது.

நிற்க, வோட்டு வந்துவிட்டதே, இனி என்ன குறை என்று ஒரு நண்பர் கேட்கலாம். குறை குடிசையில் இருந்தது. பண்ணையாளின் குடிசை அவனுடையதல்ல. பண்ணையார் மனையில் பண்ணையார் மூங்கிலையும் பண்ணையார் வைக்கோலையும் வைத்து அவன் கட்டிக்கொண்டது. பண்ணையை விட்டு விலகினால் அன்றைக்கே மனையையும் விட்டு விலக வேண்டும். காரியஸ்தர் வந்து வேலிப்படலைப் பிடுங்கி எறிந்தால் தாயும் பிள்ளையும் வாய்க்கால் கரையில் உட்கார வேண்டியதுதான். திரைக்குப் பின்னால் இரகசியமாகப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தவன், யாருடைய கொல்லை வழியாக வீட்டுக்கு நடந்து போனான்? சேரியில் நூறு வோட்டு இருந்து, எண்ணும்போது பண்ணையார் கட்சிக்கு இருபதுதான் விழுந்தது என்றால், மீதி எண்பது பேர் யார் என்று கண்டுபிடிக்கக் காரியஸ்தருக்கு ஜோசியமா வேண்டும்?

1952 ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ஆச்சாரியார் மந்திரிசபை. வாரக்குடிக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், பண்ணையாளைக் காரணமின்றித் தள்ளக்கூடாது என்றும் அதில் கண்டிருந்தது. எலெக்ஷனில் பட்ட அடியினால்தான் அந்தப் புத்தி வந்தது என்பது நம் அபிப்பிராயம். ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்குமேல், அதாவது 6⅔ ஏக்கராவுக்குமேல், வைத்திருப்பவனுக்கு மட்டுந்தான் அந்தச் சட்டம். உடனே என்ன நடந்தது? மகன் பேரில் ஒரு வேலி, மருமகன் பேரில் ஒரு வேலி, வயிற்றிலிருக்கிற பிள்ளை பேரிலும் ஒரு வேலி என்பதாக நிலம் காகிதத்தில் பிரிந்தது. பண்ணையாள் என்ற பேரை எடுத்துவிட்டுத் தினக்கூலி என்று பேர் வைத்தார்கள். பேர் மாறினவனுக்குச் சட்டம் இல்லை!

1957-ல் நாகப்பட்டினம் இரட்டைத் தொகுதியாக வந்தது. ஒரே தொகுதிக்கு இரண்டு மெம்பர். ஒருவர் பொது, ஒருவர் தாழ்த்தப்பட்டவர். இரண்டு ஸ்தானமும் காங்கிரசுக்குப் போயிற்று. இந்த இரட்டைத் தொகுதி எப்படி ஒழிந்தது என்பது வேடிக்கையான கதை. ஆந்திர தேசத்தில் பார்வதிபுரம் என்கிற இரட்டைத் தொகுதியில் அதே 1957-ல் வி.வி. கிரி நின்றார். வோட்டு எண்ணிப் பார்த்தால், இரண்டு ஸ்தானத்திலும் மலைஜாதியாரே ஜெயித்துவிட்டார்கள். ஒதுக்கின ஸ்தானம் அவர்களுக்குச் சரி, பொது ஸ்தானத்துக்கும் அவர்கள் எப்படி வரலாம் என்று கிரி கோர்ட்டுக்குப் போனார். சுப்ரீம் கோர்ட்டு 1959-ல், அதிக வோட்டு வாங்கினவர்கள் வரலாம் என்று தள்ளிவிட்டது. அதன் பிறகு 1961-ல் இரட்டைத் தொகுதிகளையே எடுத்துவிட்டார்கள். பொது என்றால் யார் யாருக்குப் பொது என்பது இதிலிருந்து விளங்கவில்லையா?

1967-ல் தமிழ்நாடு பூராவும் காங்கிரஸ் கவிழ்ந்தது. பார்லிமெண்டுக்கு அதற்குக் கிடைத்தது மூன்றே ஸ்தானங்கள். அந்த மூன்றில் ஒன்று நாகப்பட்டினம். கம்யூனிஸ்டுகள் 1964-ல் இரண்டாக உடைந்து போனது ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனால் கூலிக்காரர்கள் நிறைந்த தொகுதியில் மிராசுதார்களின் கட்சி அந்தப் புயலிலும் நின்றது என்றால், குடிசை யார் மண்ணில் நின்றது என்பதை மறந்துவிட்டுக் காரணம் தேட முடியாது.

மறு வருஷம் 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, இதே நாகப்பட்டினம் தாலூகாவில் கீழ்வெண்மணி. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். சங்கக்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் வெந்து செத்தார்கள். 1970-ல் கீழ்க்கோர்ட்டு 8 பேரைத் தண்டித்தது. 1973-ல் ஐகோர்ட்டு எல்லோரையும் விடுதலை செய்தது. நிறைய நிலம் படைத்த மிராசுதார்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்று நியாயாதிபதிகள் ஆச்சரியப்பட்டார்கள். கார் வைத்திருந்தால் கொலை செய்யமாட்டான் என்பது எந்த மனுதர்மத்தில் இருக்கிறதோ நாம் அறியோம்.

இங்கே நம்மவர்களிடமும் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். தஞ்சாவூர் மிராசுதார் என்றதும் நம்மில் பலருக்குப் பஞ்சகச்சமும் பூணூலுந்தான் கண்ணில் தெரிகிறது. அக்கிரகாரத்து மிராசு செய்த அக்கிரமங்களை நாம் எழுதாத வாரம் இல்லை; இனியும் எழுதுவோம். ஆனால் குன்னியூர்ப் பண்ணை அய்யருடையது என்றால், வடபாதிமங்கலமும் நெடும்பலமும் வலிவலமும் யாருடையவை? அவை முதலியாரும் தேசிகரும் ஆண்டவையல்லவா? வெண்மணி வழக்கில் முதல் எதிரி நாயுடு அல்லவா? சவுக்குக்குப் பூணூல் இல்லாமல் போனால் முதுகுக்கு வலிக்காதா? 1932-ல் ஈரோட்டில் கூடிச் சமதர்மத் திட்டம் போட்டபோது நம் தோழர்கள் இதைத் தெரிந்துதான் போட்டார்கள். ஜஸ்டிஸ் கட்சியிலிருந்த ஜமீன்தார்களும் மிராசுதார்களும் அதைக் கண்டு முகத்தைச் சுளித்ததும் நமக்குத் தெரிந்ததே. பார்ப்பனரல்லாதார் என்கின்ற பட்டத்தைப் பத்தாயத்துக்குக் காவலாக வைத்துக்கொண்டவர்களை நாம் அன்றே தட்டிக் கேட்டிருந்தால், சேரிக்காரன் நம்மைத் தேடி வந்திருப்பான். நாம் தயங்கினோம். அவன் சிவப்புக் கொடியைத் தேடிப் போனான். அவன் செய்தது தப்பு என்று சொல்ல நமக்கு வாயில்லை.

இனி நம் ஜாபிதாவில் ஒரு வருஷத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னால், நாம் 1971-ஐத்தான் போடுவோம். அந்த வருஷம் கம்யூனிஸ்டு கட்சியின் எம். காத்தமுத்து இங்கே ஜெயித்தார் என்பதற்காக அல்ல. அந்த வருஷத்தில்தான் தமிழ்நாடு சர்க்கார், விவசாயக் கூலிகள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் செய்தது. தி.மு.க. சர்க்கார் செய்த பல காரியங்களில் இதைப் பற்றி மேடையில் பேசுகின்றவர்கள் குறைவு. சிலையும் மண்டபமும் போலக் கண்ணுக்குத் தெரிகின்ற காரியமல்ல இது. மூன்று சென்டோ ஐந்து சென்டோ, அந்த மண்ணில் இருந்து இனிக் காரியஸ்தன் கிளப்ப முடியாது என்று ஆன பிறகுதான் 1952-ல் கொடுத்த வோட்டுக்குக் காலும் கையும் முளைத்தன. நாகப்பட்டினம் இந்தப் பக்கம் காங்கிரசுக்குப் போனது அதற்குப்பின் ஒரே ஒரு தடவை, 1991-ல்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? ஒதுக்கப்பட்ட இத்தொகுதியில் 1977-ல் ஜெயித்த எஸ்.ஜி. முருகையன் 1979 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். பார்லிமெண்டு மெம்பருக்கே அந்தக் கதி. 2020-ல் கொள்ளிடத்துக்கு அக்கரையில், கடலூர் ஜில்லா தெற்குத்திட்டை ஊராட்சியில், வோட்டு வாங்கி ஜெயித்த தாழ்த்தப்பட்ட பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். போட்டோ வெளிவந்து ஊர் சிரித்த பிறகுதான் கைது நடந்தது.

இப்போது நாகப்பட்டினம் தொகுதியில் நாகப்பட்டினம், கீழ்வேளூர், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, திருவாரூர், நன்னிலம் என்று ஆறு சட்டசபைத் தொகுதிகள். இவற்றில் கீழ்வேளூரும் திருத்துறைப்பூண்டியும் தனித் தொகுதிகள். அறுப்புக்கு மிஷின் வந்துவிட்டது. அரைப்படிக்குச் சண்டை போட்ட களத்தில் இன்று அரைநாள் வேலையும் இல்லை. பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டார்கள். வோட்டுக்கு மட்டும் பஸ் ஏறி வருகிறார்கள். பண்ணையார் மனை போயிற்று. ஆனால் கோயில் மனையும் மடத்து மனையும் போகவில்லை. சாமிக்குக் குடியிருக்க ஒரு கர்ப்பக்கிரகம் போதும். ஆனால் அதன் பேரில் ஊர் ஊராக நிலம் கிடக்கிறது. அதில் தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் பட்டா இல்லாமல் வாடகைச் சீட்டோடு நிற்கிறார்கள். பட்டா இல்லாதவனுக்குப் பாங்கியில் கடன் கிடையாது, காங்கிரீட்டு வீட்டுக்குச் சர்க்கார் பணம் கிடைப்பதும் கஷ்டம். பழைய பண்ணையாராவது செத்துப் போவார், வாரிசுகள் சண்டை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இந்தப் பண்ணையாருக்குச் சாவும் இல்லை, நில உச்சவரம்பைக் காட்டி மிரட்டவும் முடியாது.

ஆகவே தோழர்களே, அடுத்த எலெக்ஷனில் எந்தக் கட்சி அபேட்சகர் உங்கள் தெருவுக்கு வந்தாலும், அவர் கொடி என்ன நிறம் என்று பார்க்கும் முன் அந்த வாடகைச் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுங்கள். இது எந்த மாதத்தில் பட்டாவாகும் என்று கேளுங்கள். தலைவரைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்பார். நல்லது, கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரையில் நாங்களும் எங்கள் பெண்டுகளைக் கேட்டு வைக்கிறோம் என்று சொல்லி அனுப்புங்கள்.