பச்சிலையும் மார்பீனும்

புற்றுநோய் கண்டவர்களின் வேதனையைப் பற்றி நம் மக்களில் இரண்டு கட்சிக்காரர்கள் இருக்கின்றார்கள். ஒரு கட்சியார் பச்சிலையும் எண்ணெயும் பூசினாலே போதும், இங்கிலீஷ் மருந்து விஷம் என்பார்கள். மற்றவர்கள் பச்சிலை என்றாலே பாட்டி வைத்தியம் என்று சிரிப்பார்கள். இருவரையும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: நோயாளிக்கு வலி குறைந்ததா, இல்லையா?

மஞ்சளை எடுத்துக்கொள்ளுவோம். 1987-ம் வருஷம் கேரளத்து ஆராய்ச்சிக்காரர்கள், வெளியே புண்ணாகத் தெரியும் புற்றுநோய்க்கு மஞ்சள் சாற்றையும் மஞ்சட் சத்தாகிய குர்குமின் களிம்பையும் பூசிப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 90 பேருக்கு நாற்றம் குறைந்தது. அநேகமாக எல்லோருக்கும் அரிப்பு குறைந்தது. சொந்தப் பிள்ளையே மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் நிலையிலிருப்பவருக்கு இது சிறிய உபகாரமல்ல. ஆனால் புண் சிறுத்து வலியும் குறைந்ததோ நூற்றுக்குப் 10 பேருக்குத்தான்! மற்றவர்கள் வலிக்கு மஞ்சள் என்ன பதில் சொல்லிற்று?

மிளகாயின் காரச் சத்தாகிய காப்சைசின் களிம்பு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் நரம்பில் தங்கும் வலியைக் குறைப்பதாகவும் பரிசோதனையில் கண்டிருக்கின்றார்கள். அது அளந்து செய்த மருந்து, ஆறிய தோலில் பூசுவது. அம்மியில் அரைத்த மிளகாயைப் புண்ணில் அப்புவது வைத்தியமல்ல, சித்திரவதை.

நிற்க, எலும்புக்குள்ளிருந்து குடையும் வலிக்கு மேற்பூச்சு எப்படி எட்டும்? கடும் வலிக்கு மார்பீன் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது. இதை விஷம் என்கிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். மார்பீனும் செடியிலிருந்து வருவதுதான்! குழம்புக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியில் விளைகின்றதோ, அதன் காயைக் கீறி வடியும் பாலில் இருப்பதே அது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் சர்க்கார் லைசென்சின் பேரில் அச்செடி பயிராகின்றது. அப்படியிருந்தும் 1985-ம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் மார்பீன் வைக்கவே அஞ்சின. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். மக்கள் மனதிலுள்ள பயம் மட்டும் தளரவில்லை. வலிக்காக மருத்துவர் அளந்து கொடுப்பதும், போதைக்காகத் திருடித் தின்பதும் ஒன்றா?

இன்னும் சிலர் "முன் ஜென்ம வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்பார்கள். இவர்கள் தங்கள் பல்வலிக்கு மட்டும் ஏன் டாக்டர் வீட்டுக்கு ஓடுகின்றார்கள் என்பது நமக்கு விளங்கவில்லை.

மார்பீனுடன் மூலிகை சேரவே கூடாதா என்றால், தாராளமாகச் சேரலாம். மார்பீன் மலத்தைக் கட்டும். அதற்கு மருத்துவர்கள் கொடுப்பதில் ஒன்று நமது திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலாவரைதான். ஆனால் எதைப் பூசினாலும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. முக்கியமாக, பெண்டனில் என்னும் வலிமருந்துப் பட்டை ஒட்டியிருக்கும் இடத்தில் சுடவைத்த எண்ணெயோ ஒத்தடமோ வைக்கவே கூடாது. சூட்டினால் மருந்து அளவு மீறி உடம்பில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.